வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊற்றலாமா?

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது டர்போ இல்லாத 2 லிட்டர் ஸ்போர்ட்ஸ் கார். 1,90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கையேட்டில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் நெரிசலில் மாட்டிக்கொண்டால், ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் முள் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயிலும் குறைகிறது. பழைய எஞ்சின், கடும் வெயில், அதனால் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். 5டபிள்யூ-40க்கு மாறுங்கள். ஒரு படி போதும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் வெயில். உங்கள் எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலுக்கு வெளியே 25 டிகிரியா 40 டிகிரியா என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி பக்கத்தில் பிடித்து வைத்திருக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆயில் 90-லிருந்து 110-க்குள் நிற்கும். வெயில் தன் வேலையைக் காட்டுவது இரண்டு இடங்களில்: காற்றோட்டமே இல்லாமல் நெரிசலில் நிற்கும்போது, அப்புறம் விடாமல் உயர் ஆர்.பி.எம்.மில் விரட்டும்போது. டிராக்கில் ஆயில் 130-ஐத் தாண்டுவது சகஜம். 100 டிகிரியில் இருந்த கெட்டித்தன்மையில் ஏறக்குறைய பாதிதான் 130-ல் மிஞ்சும். ஆகவே ஆயிலைத் தேர்ந்தெடுக்க வானிலை அறிக்கை உதவாது. ஆயில் டெம்பரேச்சர் கேஜ்தான் உதவும்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எஞ்சின் சுழல்வதற்கும் பம்ப் ஆயிலை இழுப்பதற்குமான அளவு. 5டபிள்யூ என்றால் சுழல்வதை மைனஸ் 30 டிகிரியிலும் பம்ப் இழுப்பதை மைனஸ் 35-லும் சோதித்தது. வெயிலில் காப்பாற்றுவது பின்னால் வரும் எண். ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்.ஏ.இ. ஜே300 வரையறைப்படி 100 டிகிரியில் 30 ஆயில் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) வரை, 40 ஆயில் 12.5-லிருந்து 16.3 வரை, 50 ஆயில் 16.3-லிருந்து 21.9 வரை. 40 ஆயில் 110 டிகிரியில் இருக்கும்போது, 100 டிகிரியில் 30 ஆயில் இருந்த கெட்டிக்கு வரும். அதாவது ஒரு படி ஏறினால் சுமார் 10 டிகிரி தாக்குப்பிடிக்கலாம். உங்களுக்குத் தேவை அவ்வளவுதான்.

20டபிள்யூ-50 என்ன செய்யும்? சூடான எஞ்சினில் முள் மேலே நிற்கும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தை யோசியுங்கள். 40 டிகிரியில் 5டபிள்யூ-30 ஏறத்தாழ 60, 70 சென்டிஸ்டோக்ஸ். 20டபிள்யூ-50 அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கேம் டைமிங்கை மாற்றும் வி.வி.டி. இயங்குவது ஆயில் அழுத்தத்தில்தான். அதன் நுண்துளைகள் 30 ஆயிலுக்குக் கணக்கிட்டவை. கெட்டி ஆயிலில் டைமிங் தாமதமாகி, செக் எஞ்சின் விளக்கு எரிந்து வந்த கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரஷர் உயர்ந்தால் பாய்ச்சலும் உயர்ந்ததாக ஆகாது. கெட்டி ஆயில் இடுக்கில் நுழையத் தடுமாறினாலும் முள் ஏறத்தான் செய்யும்.

இப்போது உங்கள் முள்ளுக்கு வருவோம். பல கார்களில் டாஷ்போர்டில் உள்ள பிரஷர் முள்ளை நம்ப முடியாது. சிலவற்றில் அது வெறும் சுவிட்சுக்கு ஆடும் பொம்மை. எஞ்சினில் ஆயில் பிரஷரை உணரும் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் பொருத்தி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அளக்கச் சொல்லுங்கள். 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு. உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் எண் இருந்தால் அதுதான் சட்டம். அந்த எண்ணுக்கு மேலே இருந்தால் பயமே வேண்டாம். கீழே இருந்தால் ஆயில் கிரேடை மாற்றி மூடி மறைக்காதீர்கள், எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றி பேரிங்குகளைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கெட்டி ஆயிலால் மாதக்கணக்கில் முள்ளைத் தூக்கிப் பிடித்த ஒரு எஞ்சினை நான் திறந்திருக்கிறேன். பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கில், மேல் பாதி ஷெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எரிதலின் அடி முழுவதும் அதன் மேல்தான் விழும். ஓரங்களில் சாம்பல் நிறப் பூச்சு அப்படியே இருந்தது. நடுவில் விரல் அகலத்துக்குப் பூச்சு போய், அடியிலிருந்த செம்பு பளபளத்தது. நகத்தால் தடவினால் கோடுகள் தட்டுப்பட்டன. தொடக்கத்திலேயே பார்த்திருந்தால் பேரிங் செட்டோடு முடிந்திருக்கும். கிராங்க்கையும் தேய்க்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். 150 டிகிரியில் வேகமாக அரைபடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு எச்.டி.எச்.எஸ். என்ற அளவு உண்டு. பேரிங்குக்கு முக்கியம் அதுதான். 30 ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5. ஆனால் ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்களின் தரக்குறியீடான ஏ.சி.இ.ஏ. ஏ3/பி4 அல்லது சி3 என்று அச்சிட்ட 5டபிள்யூ-30 ஆயிலுக்கும் 3.5 கட்டாயம். இதுவரை ஊற்றியது ஏ5/பி5 வகை என்றால், அதே 5டபிள்யூ-30-இல் ஏ3/பி4 வாங்கினாலே வித்தியாசம் தெரியலாம்.

அரை லிட்டர் குறைவது பற்றி: இந்த வயது எஞ்சினுக்கு அது பேரழிவு இல்லை. இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் வால்வ் சீல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். இரண்டுக்கும் முன்னால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள், அது சின்ன வேலை. என் கவலை வேறு: ஸ்போர்ட்ஸ் காரை வேகமாகத் திருப்பும்போது ஆயில் சம்ப்பின் ஓரத்துக்கு ஓடும். மட்டம் ஏற்கனவே குறைவாக இருந்தால் பம்ப்புக்கு ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுக்கும். அந்த நொடியில் எந்தக் கிரேடும் காப்பாற்றாது. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றவும் வேண்டாம்.

கேள்வி: நண்பர் தன் பி.எம்.டபிள்யூ எம்3-க்கு 10டபிள்யூ-60 ஊற்றுகிறார். எனக்கும் அதுவே நல்லது என்கிறார். சரியா?

பதில்: அவருடையது எஸ்54 எஞ்சின் என்றால் அவருக்குச் சரி. 8,000 ஆர்.பி.எம். சுழலும் அந்த எஞ்சினுக்கு நிறுவனமே குறித்த கிரேடு அது. உங்களுக்கு அப்படிக் குறிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நல்ல உதாரணம் ஃபோர்டு. மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் எஞ்சினுக்கு 5டபிள்யூ-20 சொன்னது. அதே குடும்பத்து எஞ்சினை டிராக்குக்காகத் தயாரித்து 2012-இல் பாஸ் 302 காரில் வைத்தபோது 5டபிள்யூ-50 என்றது. ஊரின் வெயில் மாறவில்லை, ஓட்டும் விதம்தான் மாறியது. டிராக் நாட்களில் ஆயில் 130-ஐத் தாண்டுகிறது என்று கேஜ் காட்டினால் நீங்கள் 50-ஐ யோசிக்கலாம், ஆனால் ஆயில் கூலர் வைப்பது அதைவிட நல்லது.

கேள்வி: ‘ஹை மைலேஜ்’ ஆயில் வாங்கலாமா?

பதில்: ரப்பர் சீல்கள் இறுகி லேசாகக் கசிந்தால் வாங்கலாம், அவற்றை மென்மையாக்கும் சேர்மானம் அதில் உண்டு. தேய்ந்த ரிங்குக்கு அது மருந்தில்லை. கிரேடை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தக் கிரேடிலேயே கிடைத்தால் எடுங்கள். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது வடித்த ஆயிலில் கொஞ்சம் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். பேரிங் தேய்ந்தால் ஆயிலில் சேரும் ஈயமும் செம்பும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று அறிக்கையில் வரும். அதை எனக்கு எழுதுங்கள், 40-இலேயே நிற்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.