பார்க்க ஒரே பெயர், உள்ளே வேறு எழுத்துகள்

வணக்கம். ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் 'மொத்த-தொகை' என்று ஒரு மாறிக்கு (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடத்துக்கு) பெயர் வைத்தபோது சின்டாக்ஸ் எரர் (எழுதிய விதம் தவறு என்ற பிழை), 'மொத்த_தொகை' என்று மாற்றினால் அறிவித்த பெயரையே "வரையறுக்கப்படவில்லை" என்கிறது என எழுதியிருந்தீர்கள். முதலாவது எளிது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இடைக்கோடு என்றால் கழித்தல். பெயருக்குள் அடிக்கோடும் டாலர் குறியும் வரலாம், இலக்கம் முதலில் வரக்கூடாது. தமிழ் எழுத்துகளுக்குத் தடையே இல்லை.

இரண்டாவதுதான் ஆளைச் சுற்றவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்தான் குறியீடு, அந்த எண்களின் பட்டியல்தான் யூனிகோடு. யூனிகோடில் 'மொ'வை இரண்டு விதமாக எழுதலாம்: ம-வுடன் ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களைச் சீராக்கி ஒப்பிடுவதில்லை. குறியீடு மாறினால் அது வேறு மாறி. ஒரு வரியை வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினீர்களா? எனக்கு அங்கேதான் சந்தேகம்.

சோதிக்க, இரண்டு இடத்துப் பெயரையும் தனித்தனியாக மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டி, .length போட்டு நீளத்தைப் பாருங்கள். ஒன்றில் 10, இன்னொன்றில் 12 வந்தால் இதேதான் சிக்கல். அப்புறம் அறிவித்த வரியிலிருந்து பெயரை நகலெடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடுங்கள், சரியாகிவிடும். தமிழ்ப் பெயர்களை மட்டும் கைவிட வேண்டாம். படிக்க நன்றாக இருக்கின்றன.