கியர் மாற்றும்போது கரகரவென்று அரைக்கிறது: கியர்பாக்ஸைக் கழற்றத்தான் வேண்டுமா?

மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்கும்போது கரகரவென்று அரைக்கிறது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக், ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் இறக்க வேண்டியும் வரலாம். ஆனால் கிளட்சில் கோளாறு இல்லை என்று உறுதியாகும்வரை அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போது இலகுவாக விழும் கியர்கள் இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெடலை மிதித்தும் கிளட்ச் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸை முழுமையாகப் பிரிக்கவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. இதை உறுதிப்படுத்த ரிவர்ஸ் கியர் உதவும். பல கார்களில் அதற்கு சிங்க்ரோனைசர் (பற்கள் கோப்பதற்கு முன் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது என்பதால், கிளட்சின் குறை அங்கே மறைக்கப்படாமல் வெளிப்படும். நிற்கும் வண்டியில் கிளட்சை முழுவதும் மிதித்து, உள்ளே சுழலும் தண்டு ஓய்வதற்கு ஐந்தாறு விநாடி கொடுத்து ரிவர்ஸ் போடுங்கள். அதன் பிறகும் அரைத்தால் கிளட்சைத்தான் பார்க்க வேண்டும். பெடலைச் சில முறை அடுத்தடுத்து மிதித்தபின் கியர் ஒழுங்காக விழுகிறது என்றால், கிளட்சைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது சிலிண்டர் கசியலாம். கேபிள் கிளட்சாக இருந்தால் கேபிளின் தளர்வைச் சரிசெய்வதே போதுமானதாக இருக்கலாம்.

கிளட்ச் சரியாக இருந்து, ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால், அந்த கியரின் சிங்க்ரோனைசரில் உள்ள சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் பித்தளையால் ஆன அந்த வளையம், பற்கள் கோப்பதற்கு முன் கியரின் கூம்புப் பரப்பில் உராய்ந்து இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. அதன் உட்புறத்து நுண்வரிகள் மழுங்கிவிட்டால் எண்ணெய்ப் படலத்தை வெட்டிக்கொண்டு கூம்பைப் பற்ற முடியாமல், வேகம் ஒத்துப்போகும் முன்பே பற்கள் மோதுகின்றன. ஓடும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்து இரண்டாவதற்கு இறக்கிப் பாருங்கள். அப்படிச் செய்தால் அரைப்பு மறைகிறது என்றால், சிங்க்ரோவின் மீதான சந்தேகம் வலுக்கிறது.

பிரிப்பதற்கு முன் கியர்பாக்ஸ் எண்ணெயையும் பார்த்துவிட வேண்டும். இதைப் பலர் தாண்டிப் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஜி.எல்.-4 என்ற தர எண்ணெய் கேட்கும் கியர்பாக்ஸில், உயர்ந்த ரகம் என்று எண்ணி ஜி.எல்.-5 ஊற்றினால், அதிலுள்ள கூடுதல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். வளையத்துக்குத் தேவையான உராய்வும் குறையலாம். ஆகவே கையேட்டில் உள்ள தரத்தையும் தடிமனையும் அப்படியே பின்பற்றுங்கள். வடிப்பதற்கு முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இறுகிப்போயிருந்தால் வடித்த பிறகு எண்ணெய் ஊற்ற வழியிருக்காது. வடிகால் பிளக்கின் காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்புதான். எண்ணெயில் பொன்னிறத் துகள்கள் மின்னினால் பித்தளை வளையம் தேய்கிறது. விரலில் நெருடும் இரும்புச் சில்லுகள் வந்தாலோ, பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கக்கூடும் என்பதால் வண்டியை ஓட்டாதீர்கள்.

கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், கிளட்ச் பிளேட்டையும் கிளட்சைப் பிரிக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிறகு அவற்றுக்காக இதே வேலையை முதலிலிருந்து மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.