சின்ன ஊரில் எந்தப் பாதையில் ஓடுவது?

கேள்வி: பெரிய நகரத்திலிருந்து சின்ன ஊருக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. அங்கே பூங்காவில் வாரம் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடுவேன். இங்கே பூங்கா கிடையாது. நாலைந்து தெரு, ஊரைத் தாண்டிப் போகும் ஒரு பெரிய சாலை, அதன் இரு பக்கமும் வயல்வெளி, அவ்வளவுதான். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலை ஓரமாகவே போய்த் திரும்புகிறேன். ஒரு மாதமாக ஒரு பக்க முழங்காலின் வெளிப்புறம் மட்டும் வலிக்கிறது. வயல் பக்கம் போகலாமென்றால் நாய் பயம். 10 கிலோமீட்டர் வரை கூட்ட ஆசை. எப்படிப்பட்ட பாதையைப் பிடிப்பது?

பதில்: முழங்காலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பாதையின் கோளாறு அங்கேதான் தெரிகிறது. வலிக்கிற கால் சாலை விளிம்பை ஒட்டிய பக்கத்துக் காலா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மழை பெய்யும்போது தார்ச்சாலையைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் நடுவில் நிற்காமல் இரு ஓரத்துக்கும் வழியும். அதற்காகவே நடுப்பகுதியை மேடாகவும் ஓரங்களைச் சரிவாகவும் போடுகிறார்கள். நடக்கும்போது இந்தச் சரிவு உறைக்காது. ஓரத்திலேயே 5 கிலோமீட்டர் ஓடினால் ஒரு கால் ஒவ்வொரு அடியிலும் சற்றுத் தாழ்வான இடத்தில் விழும். ஆயிரக்கணக்கான அடிகள், எல்லாம் ஒரே கோணத்தில். இடுப்பு ஒரு பக்கம் சாயும், முழங்காலின் வெளிப்புறத் தசைநார் இழுபடும்.

பலரும் தவறவிடுவது அடுத்த விஷயத்தை. திரும்பி வரும்போது மறுகால் தாழ்ந்து கணக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகாது. நீங்கள் போகும்போதும் எதிர்வண்டியைப் பார்த்து ஓடுகிறீர்கள், திரும்பும்போதும் சாலையைக் கடந்து மறுபடி எதிர்வண்டியைப் பார்த்தே ஓடுகிறீர்கள். ஆகவே விளிம்பு எப்போதும் உங்களுக்கு ஒரே பக்கம்தான். எனக்கே இது புரிய இரண்டு மாத வலி தேவைப்பட்டது. ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தபோது ஒன்றின் வெளி விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதற்காக வண்டிக்கு முதுகைக் காட்டி ஓடாதீர்கள். எதிர்வண்டியைப் பார்த்து ஓடுவதுதான் சரி. சமதளமான தடத்தைக் கூட்டிச் சாலை ஓரத்தைக் குறைப்பதே வழி.

சின்ன ஊரில் ஒரே ஒரு நல்ல பாதையைத் தேடுகிறவர்கள் கடைசியில் பெரிய சாலைக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள். வீட்டை நடுவில் வைத்துப் பூவின் இதழ்கள்போல மூன்று சுற்றுகளை அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. தெருக்களுக்குள்ளேயே 2 கிலோமீட்டரில் ஒன்று. ஊர் எல்லையைத் தொட்டு வரும் 3 கிலோமீட்டரில் ஒன்று. வயல்வெளிக்குள் போய் வரும் 5 கிலோமீட்டரில் ஒன்று. இந்த மூன்றைச் சேர்த்துப் பிரித்தால் 2, 3, 5, 7, 8, 10 என்று ஆறு தூரம் கிடைக்கும். நீங்கள் ஆசைப்படும் 10 கிலோமீட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு சுற்று முடியும்போதும் வீட்டு வாசலைத் தாண்டுவீர்கள். தண்ணீர் குடிக்கலாம், முழங்கால் முணுமுணுத்தால் அங்கேயே நிறுத்தலாம். நேராக 5 கிலோமீட்டர் போய்த் திரும்பும் பாதையில், கடைக்கோடியில் வலி வந்தால் வீடு சேர ஒரு மணி நேரம் நொண்டி நடக்க வேண்டும். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் வீரர்கள்கூட அவர் வீட்டு வாசலிலிருந்துதான் ஓடக் கிளம்புவார்கள். குன்றுகளில் ஏறி இறங்கி 35 கிலோமீட்டர் சுற்றி வருவார்கள். அவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள்.

சுற்றுகளை வரைபடத்தில் குறித்துவிட்டு உடனே ஓடப் போகாதீர்கள். ஒரு முறை சைக்கிளிலோ நடந்தோ போய்ப் பாருங்கள், அதுவும் நீங்கள் வழக்கமாக ஓடும் அதே நேரத்தில். மாலையில் அமைதியாகக் கிடக்கும் தெரு காலை ஏழரைக்குப் பள்ளி வாகனங்களால் அடைபட்டிருக்கலாம். பகலில் அழகாகத் தெரியும் வண்டித்தடத்தில் விடியற்காலை ஐந்தரைக்குக் குழி எது, நிழல் எது என்றே தெரியாது. அதனால் இருட்டில் ஓடுகிற நாட்களுக்குத் தெருவிளக்கு உள்ள 2 கிலோமீட்டர் சுற்றை இரண்டு மூன்று முறை ஓடுங்கள். வெளிச்சம் உள்ள நாட்களுக்கு வயல்வெளியை வைத்துக்கொள்ளுங்கள்.

வயல்வெளிச் சுற்றுக்கு வாய்க்கால் கரை கிடைத்தால் அதையே எடுங்கள். மண் மெத்தென்று இருக்கும், சரிவு இருக்காது, வண்டியும் குறைவு. ஆனால் மழைக்கு மறுநாள் வழுக்கும். சில கரைகளில் ஏறிவிட்டால் அடுத்த பாலம் வரை இறங்க வழியே இருக்காது. அடுத்த பாலம் எவ்வளவு தூரம் என்று முன்பே பார்த்துவையுங்கள். தார்ச்சாலைக்குப் பழகிய கணுக்காலுக்கு மேடுபள்ளம் புதிது. முதல் இரண்டு வாரம் மூன்றில் ஒரு பங்கு தூரம் மட்டும் மண்ணில் ஓடுங்கள். தனியார் நிலத்து வரப்பில் போவதானால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்திருக்கும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் கூடவே கூடாது.

குறுகிய கிராமச் சாலையில் திருப்பங்கள் ஆபத்து. வளைவின் உள்பக்கத்தை ஒட்டி ஓடினால், புதரோ சுவரோ மறைக்க, எதிரே வருகிற ஓட்டுநருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். எதிர்வண்டியைப் பார்த்து ஓடும் வழக்கத்தை இங்கே மட்டும் விடலாம். வளைவுக்கு நன்றாக முன்பே சாலையைக் கடந்து வெளிப்பக்கம் போய், வளைவு முடிந்ததும் பழைய பக்கம் வாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 50 மீட்டர் தூரத்தில் உங்களைப் பார்த்தால் அவருக்கு இருப்பது மூன்று நொடிதான். மங்கலான நேரங்களில் ஒளி பிரதிபலிக்கும் பட்டையை மார்பில் மட்டும் கட்டாமல் கணுக்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழுமாக அசையும் வெளிச்சத்தைப் பார்த்ததும் அது மனிதர் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும்.

நாய்கள் பெரும்பாலும் ஓடுவதைத்தான் துரத்துகின்றன. குரைத்துக்கொண்டு வந்தால் நின்றுவிடுங்கள். கண்ணைப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பக்கவாட்டில் நின்று தாழ்ந்த குரலில் பேசி மெல்ல நகருங்கள். நாய்க்கென்று ஒரு எல்லை உண்டு. அந்த வீட்டையோ களத்தையோ தாண்டிவிட்டால் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். சுற்றைப் பார்க்கப் போகும்போதே அந்த எல்லையைக் குறித்துக்கொண்டு, அந்த நூறு மீட்டரை எப்போதும் நடந்தே கடங்கள். கூட்டமாக நாய்கள் திரியும் இடம் என்றால் சுற்றையே மாற்றுங்கள். கடித்துவிட்டால், கீறல் சின்னதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இதில் மட்டும் நாளைக்கு என்ற பேச்சே இருக்கக் கூடாது.

தூரத்தைக் கூட்டுவது இப்போதே வேண்டாம். வலி அடங்கும் வரை 2 கிலோமீட்டர் சுற்றை மட்டும், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடுங்கள். நடக்கும்போதே வலித்தாலோ வீங்கினாலோ இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். வலி போனபின் பழையபடி மூன்று நாள் ஐந்தைந்து. பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் 7 ஆக்கி இரண்டு வாரம், 8 ஆக்கி இரண்டு வாரம், அதற்குப் பின் 10. காற்று பலமாக வீசும் நாளில் காற்றை எதிர்த்துக் கிளம்பி, முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். மேடு இருந்தால் அதுவும் முதல் பாதியில் வரட்டும்.

சுற்றுகளுக்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள், தெருச் சுற்று, எல்லைச் சுற்று, வாய்க்கால் சுற்று என்று. வயல்வெளியில் சில இடங்களில் செல்போன் சிக்னல் எடுக்காது. “இன்றைக்கு வாய்க்கால் சுற்று, ஏழு மணிக்கு வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், ஏழரை ஆகியும் காணோமென்றால் எந்தப் பக்கம் வந்து தேடுவது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.