சிறுவர் உரிமை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நன்னடத்தைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான், சட்டத்தரணி இல்லை. பிள்ளையின் பெயர், படம், பள்ளிக்கூடம் எதையும் இங்கே போடவேண்டாம், கேட்பவரின் ஊர்ப்பெயர் போதும்.

கோண்டாவில்: அக்கா, இந்த உரிமைக் கதை எப்போது தொடங்கியது?

முதல் உலகப்போருக்குப் பிறகு பட்டினி கிடந்த பிள்ளைகளுக்காக இங்கிலாந்துப் பெண்மணி எக்லன்டைன் ஜெப் எழுதிய ஐந்து அம்சங்களை 1924இல் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் ஏற்றது. பிள்ளையின் பேச்சுக்குக் காது கொடுக்கவேண்டும் என்பது ஐ.நா.வின் 1989 சிறுவர் உரிமைகள் சமவாயத்தில், 12ஆம் உறுப்புரையில்தான் வந்தது. இலங்கை அதை 1991 ஜூலையில் உறுதிப்படுத்தியது.

மானிப்பாய்: ரீச்சர் அடிக்கலாமா?

கூடாது. 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சுச் சுற்றுநிருபம் தடுத்தது. ஆனால் 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம் பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமைக்கு இடம் விட்டே எழுதப்பட்டது, இழுபறி அங்கேதான் தொடங்கியது.

சாவகச்சேரி: இதெல்லாம் மேற்கு நாட்டுச் சரக்கு. நாங்கள் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்த ஆட்கள்.

தம்பி, சமவாயத்துக்கு முதல் வரைவை 1978இல் கொண்டுவந்தது போலந்து. அமெரிக்கா 1995இல் கையெழுத்திட்டு இன்னும் உறுதிப்படுத்தவில்லை. சரி, அதை விடுங்கள். கண்ணுக்குள் வைத்தது யாருடைய பிள்ளையை? அரச உதவி பெற்ற எங்கள் பள்ளிக்கூடங்களிலேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்தினார்கள். 1920களின் கடைசியில் எல்லோருக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் கொந்தளித்தார்கள், பள்ளிக்கூடங்கள் எரிந்தன. சம ஆசனத்துக்காக நின்ற வாலிபர் காங்கிரஸும் இந்த மண்ணில் பிறந்ததுதான், ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கியது, அதுவும் அதே 1924இல். ஒரு வாங்கில் எல்லோருக்கும் பக்கத்தில் இருந்து படிப்பது சிறுவர் உரிமை இல்லாமல் வேறு என்ன?

சாவகச்சேரி: பழையதைக் கிளறி என்ன பயன் அக்கா?

நிலத்தில் இருந்து படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்களோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பழையதா என்று கேட்டுப் பாருங்கள்.

உரும்பிராய்: அக்கா சொல்வது சரி, எங்கள் அம்மம்மாவும் வகுப்புக்கு வெளியே இருந்துதான் எழுத்துப் படித்தவ.

இதைத்தான் சொன்னேன், நன்றி தங்கச்சி. அம்மம்மாவின் பெயரைப் போடாமல் விட்டதற்கும்.

வல்வெட்டித்துறை: போரில் பிள்ளைகளைச் சேர்த்தது?

எந்தப் பக்கம் செய்தாலும் தவறு. 1998 மே மாதம் போரில் சிக்கிய பிள்ளைகளுக்கான ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு வந்தபோது, 17 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை, 18க்குக் குறைந்தவர்களைச் சண்டைக்கு விடுவதில்லை என்று புலிகள் வாக்குக் கொடுத்தார்கள், காப்பாற்றவில்லை. பிறகு புலிகளிலிருந்து பிரிந்த கருணா குழுவும் பிள்ளைகளைப் பிடித்தது. 1989 சமவாயமே 15 வயதோடு நின்றிருந்தது, அரசு சாராத ஆயுதக் குழுக்களுக்கு 18 என்று கோடு போட்டது சமவாயத்தோடு சேர்த்த 2000ஆம் ஆண்டு நெறிமுறைதான்.

சுன்னாகம்: பிரிந்த கணவர் பிள்ளையைக் காட்டவில்லை, வழக்குப் போடலாமா?

சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள் தங்கச்சி. விவரம் இங்கே வேண்டாம்.

நெல்லியடி: ஆசிரியர் பிரம்பால் அடிக்கலாமா?

மானிப்பாய்க்குச் சொன்னதுதான்.

கொக்குவில்: டியூஷனில் அடித்தால்?

அடி அடிதான்! 1929 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை எடுக்கும். தழும்பைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள், மூன்றாம் தடவை சொல்கிறேன்.

அச்சுவேலி: கடையில் வேலைக்கு வைக்க எத்தனை வயது?

16 வயது. 2021 வரை 14.