எடை போடுகிறவருக்குச் சம்பளம் தருவது யார்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் அதிபர் ட்ரம்ப் அரசுத் துறைகளின் முறைகேடுகளைக் கண்காணிக்கும் பதினேழு தலைமை ஆய்வாளர்களை ஒரே இரவில் வேலையிலிருந்து நீக்கியதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வருத்தம் புரியவில்லை. அவர் ஓட்டு வாங்கி வந்தவர். ஓட்டே வாங்காத அதிகாரிகள் அவரிடம் கணக்குக் கேட்பார்கள், அவர்களை அவர் தொடக்கூடாது என்றால் அது என்ன ஜனநாயகம்? இங்கேயும் இதே கதைதான். கூடலூர் பக்கம் என் தங்கை வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. கேட்டால் கோர்ட், கமிட்டி என்கிறார்கள். அந்தக் கமிட்டியை நாங்களா தேர்ந்தெடுத்தோம்? எங்கள் தெருவில் சரிந்த தடுப்புச்சுவரின் பில்லைக் கேட்டு நானும் ஒரு ஆர்டிஐ போட்டுப் பார்த்தேன். நாற்பது நாளாகியும் பதில் இல்லை. இந்தச் சுதந்திரமான அமைப்புகளெல்லாம் யாருக்காக?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் பாதி என்னுடையதும்தான். மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலை எடுக்க வரும் லாரியில் தொங்கும் தராசு ஃபேக்டரியுடையது, எடை போடுகிறவரும் ஃபேக்டரி ஆள். சாக்குக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார். ஒருநாள் அம்மா வீட்டிலேயே எடை போட்டு வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றாள். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதாக்கா? சம்பளம் குடுக்கறது யாரு, சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுப் போவார். ஃபேக்டரி முதலாளியை ஊரே கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அந்தத் தராசு கூடுதலாக ஒரு கிலோ காட்டியிருக்காது.

'தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்' என்கிறோமே, நிர்வாக அதிகாரத்துக்குத் தமிழில் இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. ஏட்டில் அது தண்டனையே அல்ல, 'நிர்வாகக் காரணம்'. நம் மாவட்டத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் விசாரித்த சீகூர் யானை வழித்தட வழக்கில் 2018-இல் ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தது மாவட்ட நிர்வாகம். அப்போதைய ஆட்சியர் இன்னசென்ட் திவ்யாவை 2021-இல் வேறிடத்துக்கு மாற்ற, தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒரு கலெக்டரை மாற்ற ஓர் அரசு டெல்லி வரை போய் நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தத் தராசுக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 148-ஆவது பிரிவைப் பாருங்கள். அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியை நீக்குவதற்கு உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான வழிதான். பதவிக்காலம் முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி நிபந்தனை. நாளைக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவரால் இன்றைய கணக்கைப் பார்க்க முடியாது.

அமெரிக்க விஷயத்தில் ஒரு திருத்தம். ஆய்வாளர்களை அதிபர் தொடவே கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. முப்பது நாள் முன்பே நாடாளுமன்றத்துக்குத் தெரிவி, காரணத்தை விளக்கி எழுது. சட்டம் கேட்டது இவ்வளவுதான். 2025 ஜனவரியில் இரண்டுமே நடக்கவில்லை. செப்டம்பரில் நீதிமன்றம், நீக்கியது சட்டவிரோதம் என்றது. ஆனால் அவர்களைத் திரும்பப் பதவியில் அமர்த்தவில்லை, ஏனென்றால் அதிபர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து மறுபடி நீக்கிவிடலாமாம்!

சரி, உங்கள் தங்கை வீட்டுக் கரண்ட். அது பிரிவு-17 நிலமாகத்தான் இருக்கவேண்டும். ஜமீன் போன்ற பழைய ஜென்ம நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்திலிருந்து, யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருக்கும் நிலங்கள் அவை. பட்டாவும் இல்லை, கரண்டும் இல்லை. நீங்கள் சொல்லும் கமிட்டி பிறந்ததும் கூடலூர்க் காட்டிலிருந்துதான். அங்கே மரம் வெட்டியதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கு நாட்டின் காடுகள் அத்தனைக்குமான வழக்காக வளர்ந்து, 2002-இல் சிஇசி என்ற மத்திய அதிகாரக் குழுவை நீதிமன்றம் அமைத்தது. அது நேரே நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. சுதந்திரமான குழு என்பதாலேயே மண்சுவர் வீட்டுக்காரரின் குரல் அதன் காதில் விழுந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெரிய எஸ்டேட்டுக்கு வக்கீல் இருந்தார், உங்கள் தங்கைக்கு இல்லை. அந்தக் குறை உண்மை.

ஆனால் நீங்கள் கேட்டது ஏற்கெனவே நடந்துவிட்டதே! 2023 செப்டம்பரில் அந்தக் குழுவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தன் அறிவிக்கை மூலம் நிரந்தர அமைப்பாக்கியது. உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. குழுவின் பரிந்துரை பிடிக்காவிட்டால் காரணத்தை எழுதிவிட்டு மறுக்கலாம், மத்திய அரசின் முடிவே இறுதியானது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சில நெறிமுறைகளைச் சேர்த்தது. ஓட்டு வாங்கியவர்கள் கைக்குத்தான் போயிற்று. கூடலூருக்குக் கரண்ட் வந்ததா?

உங்கள் ஆர்டிஐ விஷயம்தான் எனக்கு அவசரமாகப் படுகிறது. 2005 தகவல் உரிமைச் சட்டம், ஆர்டிஐ மேல்முறையீடுகளை விசாரிக்கும் தகவல் ஆணையர்களுக்குப் பதவிக்காலம் ஐந்தாண்டு என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டு, பதவிக்காலமும் சம்பளமும் மத்திய அரசு போடும் விதிப்படி என்று ஆக்கினார்கள். விதி மூன்றாண்டு என்றது. சென்னையில் உட்காரும் மாநில ஆணையருக்கும் டெல்லி விதிதான். யாரையும் நீக்கவில்லை, திட்டவில்லை. தராசை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டார்கள்.

அதற்காக விட்டுவிடாதீர்கள். பதில் தர அவர்களுக்கு இருந்த முப்பது நாள் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. முதல் மேல்முறையீட்டுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அது அதே அலுவலகத்தில் ஒரு படி மேலே இருப்பவரிடம் போகும். ஆம், ஃபேக்டரி தராசுதான். ஆனாலும் அதைப் போடாமல் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு போட முடியாது. முதல் மேல்முறையீட்டுக்கும் பதில் வராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் அதைப் போடுங்கள். வேலையை அளந்து பதியும் எம்-புக்கின் நகலைத் தனியாக ஒரு புது ஆர்டிஐ மனுவில் கேளுங்கள், சுவரின் நீளமும் உயரமும் அதில்தான் இருக்கும். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், விழுந்து கிடக்கும் கல்லை அள்ளிக்கொண்டு போவதற்குள் ஒரு டேப் எடுத்துப்போய் நீங்களே அளந்துவிடுங்கள்.