மௌனப்பட கால அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் தன் படங்களில் ஏன் சிரிப்பதே இல்லை?

அது மேடையில் கற்ற பாடம். 1895இல் கான்சஸில் பிறந்த கீட்டன், சின்ன வயதிலேயே பெற்றோருடன் நகைச்சுவை மேடையேறினார். அப்பா அவரைத் தூக்கி எறிவார். விழுந்து எழும் பையன் சிரித்தால் கூட்டம் சிரிக்காது. முகத்தை உம்மென்று வைத்திருந்தால் அரங்கமே அதிரும். 1917இல் சினிமாவுக்கு வந்தபிறகும் அந்த முகத்தை அவர் விடவில்லை.

1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தை அவசியம் பாருங்கள். ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு மட்டும் அவரைக் காப்பாற்றுகிறது. டூப் கிடையாது. கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாலும் உயிர் போயிருக்கும். இன்றும் எனக்கு நெஞ்சு பதறும் காட்சி அது.

அதே ஆண்டு எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்ததுதான் சறுக்கல். படங்களின் மீதிருந்த பிடி போனது, குடி பற்றிக்கொண்டது. மெல்ல மீண்டு வந்தவருக்கு 1960இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1966இல் காலமானார்.