சான் லோவில் ஒரு வீடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

டயோரமா (சிறு மாடல்களை வைத்து அமைக்கும் காட்சி) பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். 1/35 அளவில் எம்4 ஷெர்மன் டாங்கி ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். 1944 ஜூலையில் அமெரிக்கப் படை பிரான்சின் நார்மண்டியிலுள்ள சான் லோ நகருக்குள் நுழைந்த நாட்களைக் காட்டும் காட்சி ஒன்றில் அதை நிறுத்த விருப்பம். பின்னணிக்கு இடிந்த வீடு வேண்டும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் இடிபாடு இரண்டு தகடுகளை ஒட்டிய வெறும் கூடாக, பொம்மை போல இருக்கிறது. எனவே 5 மி.மீ. ஃபோம் போர்டில் நானே கட்டினேன். கல் வரிகளைக் கீறினேன், வண்ணம் பூசினேன். எவ்வளவு செய்தும் அது அட்டையாகவே தெரிகிறது. தவறு எங்கே? வரைபடம் இல்லாமல், பழைய புகைப்படங்களிலிருந்து அளவு எடுக்க முடியுமா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நல்லதா, ஃபோமா? ஒரு டாங்கிக்காக முழு வீட்டையும் கட்டத்தான் வேண்டுமா? வெளிநாட்டுப் பொருட்களை வரவழைக்க எனக்கு வசதியில்லை.

அன்புடன்,
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வண்ணத்திலும் கீறலிலும் குறை இருக்க வாய்ப்பில்லை. சுவரின் கனம்தான் உங்களைக் காட்டிக்கொடுக்கிறது. 5 மி.மீ. பலகை 1/35 கணக்கில் பதினேழரை செ.மீ. ஆகிறது. நார்மண்டியின் பழைய கல்வீடுகளில் வெளிச்சுவர் பொதுவாக 50 முதல் 60 செ.மீ. கனம் கொண்டது, அதாவது உங்கள் மேசையில் அது 14 முதல் 17 மி.மீ. வரை இருக்க வேண்டும். முழுசாக நிற்கும் வீட்டில் இந்தக் குறையை ஜன்னல் ஓரங்களில் மட்டும்தான் பார்க்க முடியும். இடிந்த வீட்டிலோ உடைந்த விளிம்பு முழுவதும் கனத்தைத் திறந்து காட்டுகிறது. பார்ப்பவருக்கு நார்மண்டி வீடு தெரியாமல் இருக்கலாம், ஆனால் கல்சுவர் எவ்வளவு தடிமன் இருக்கும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியும்.

இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் நேரடியாக இடிபாட்டைக் கட்டத் தொடங்குகிறோம். ஒருபோதும் நின்றிராத ஒரு சுவர் எப்படி இடிந்திருக்கும் என்று கற்பனை செய்ய முடியாது என்பதால், விளிம்பை மனம்போன போக்கில் பிய்த்துவைக்கிறோம். ஆகவே முதலில் தாளிலாவது முழு வீட்டையும், மாடலின் உண்மை அளவிலேயே வரைந்துவிடுங்கள். எந்தச் சுவர் உத்திரங்களைத் தாங்குகிறது, மாடிப்படி எங்கே ஏறுகிறது, கணப்பு எந்தச் சுவரில் இருக்கிறது, கூரை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். குண்டு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

வரைவதற்கு முன்பு தீர்க்க வேண்டியது, அது எந்த வட்டாரத்து வீடு என்பது. நார்மண்டி வீடு என்றதும் மரச்சட்டங்களுக்கிடையே மண் பூசிய வீட்டைச் செய்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கிழக்கே, ஓஜ் பகுதியின் அடையாளம். கான் நகரைச் சுற்றிய சமவெளியில் வெண்மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல், காரன்தான் அருகேயுள்ள சதுப்பு நிலத்தில் வைக்கோல் கலந்த மண்சுவர், தெற்கே வீர் பக்கம் நீலச்சாயல் கொண்ட கிரானைட் என்று கல் மாறிக்கொண்டே போகிறது. உங்கள் சான் லோ நிற்பது சிஸ்ட் எனப்படும் அடுக்குப் பாறையின்மேல். தட்டைத் தட்டையாகப் பிளக்கும் அந்தக் கல் சாம்பல், பழுப்பு, பச்சைச் சாயல்களில் கிடைக்கும். அதனால் சுவரில் கற்கள் பெரும்பாலும் கிடைமட்டமாக, உயரம் குறைந்தும் நீளம் கூடியும் படுத்திருக்கும், மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும்தான் செதுக்கிய பெரிய கற்கள் வரும். செங்கல்லைப் போல ஒரே அளவில் கட்டம் கீறினால் ஊரே மாறிவிடும். 1944 ஜூன் 6 இரவிலிருந்து குண்டுவீச்சில் நொறுங்கி, ஜூலை 18 அன்று அமெரிக்க 29ஆவது காலாட்படை டிவிஷனின் கைக்கு வந்த அந்நகரின் நோத்ர் தாம் தேவாலயத்தின் சிதைந்த முகப்பை, போருக்குப் பிறகு பழையபடி கட்டாமல், பச்சை சிஸ்ட் கல்லால் ஒரு சுவரெழுப்பி மூடிவைத்திருக்கிறார்கள். அதன் இன்றைய வண்ணப் படங்கள் எளிதாகக் கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படங்கள் சொல்லாத நிறத்தை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு வருகிறேன். வரைபடம் இல்லாதது பெரிய தடையில்லை. படத்திற்குள் அளவு தெரிந்த பொருள் ஒன்று எப்போதும் இருக்கும். ஷெர்மனின் தரைச் சக்கரம் 20 அங்குல விட்டம், அதாவது 51 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. வண்டியின் உயரம் சுமார் 2.74 மீட்டர். எரிபொருள் கொண்டுசெல்லும் ஜெர்ரி கேன் 47 செ.மீ. உயரம். இவற்றில் ஒன்று சுவரை ஒட்டி நின்றால் போதும், கல் வரிகளை எண்ணிக் கதவு, ஜன்னல், மாடி உயரம் எல்லாவற்றையும் கணித்துவிடலாம். ஒட்டி நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். தெரு நடுவே நிற்கும் வண்டியை அளவுகோலாகக் கொண்டு பின்னாலிருக்கும் வீட்டை அளந்தால் வீடு சிறுத்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் கதவை 2.1 மீட்டர் என்று வைத்துத் தொடங்குங்கள். மாடலில் அது 60 மி.மீ. உங்கள் சிப்பாய் பொம்மை ஏறத்தாழ 50 மி.மீ. இருக்கும் என்பதால் உடனே சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.

பிற துறைகளுக்கான கதவு, ஜன்னல்களை வாங்கிப் பொருத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ரயில் மாடல்கள் 1/32, 1/43 என்று போகின்றன, பொம்மை வீடுகள் 1/12, 1/24 என்று. 1/35 இவை எதிலும் சேராத எண். ஜப்பானின் தமியா மாடல் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கியைச் செய்தபோது, மின்கலங்கள் உள்ளே அடங்கவேண்டும் என்பதற்காக வைத்த அளவு பின்னர் உலகம் முழுவதற்கும் விதியாகிவிட்டது. ஆகையால் கதவையும் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

பிளாஸ்டரா ஃபோமா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதே என் பதில். முழுச் சுவரையும் பிளாஸ்டரில் வார்த்தால் உடைப்பு இயல்பாக வரும், ஆனால் தூக்கவே முடியாத கனமாகிவிடும். முழுக்க ஃபோமில் செய்தால் உடைந்த விளிம்பு ரொட்டியைப் பிய்த்தது போலிருக்கும். எனவே நடுவே 10 மி.மீ. ஃபோம், இரு முகங்களிலும் 2 முதல் 3 மி.மீ. பிளாஸ்டர் என்று கட்டுங்கள். தெர்மாகோல் வேண்டாம், மணி மணியாக உதிரும். கூரை வெப்பத் தடுப்புக்காக விற்கும் நெருக்கமான நீல அல்லது இளஞ்சிவப்பு நிறப் பலகையைக் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் ஸ்பிரே பெயின்ட்டோ ஃபெவிக்விக்கோ நேரடியாகப் படக்கூடாது, கரைத்துவிடும். பலகையின் பரப்பைக் கம்பித் தூரிகையால் சொரசொரப்பாக்கி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு கை பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பிளாஸ்டரைப் பரப்புங்கள். பிளாஸ்டரைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பிளாஸ்டரில் ஊற்றினால் கட்டி விழும். அது இறுகிய பின்னும் ஈரம் போகாத நேரம் ஒன்றுண்டு. நகத்தால் அழுத்தினால் தடம் விழும், ஆனால் ஒட்டாது. கற்களைக் கீற வேண்டியது அப்போதுதான். முற்றக் காய்ந்துவிட்டால் ஊசி தாவித் தாவிச் செல்லும், ஓரங்கள் பெயரும். அப்படி ஆகிவிட்டால் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வைத்து மீண்டும் கீறலாம்.

இனி உடைந்த விளிம்பு. பழைய கற்சுவர் ஒரே கட்டியன்று. வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, இரண்டிற்கும் நடுவே துண்டுக் கற்களும் சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்த நிரப்பு என்று மூன்று பகுதிகள் அதில் உண்டு. குண்டு தாக்கும்போது பல இடங்களில் வெளிமுகம் மட்டும் உரிந்து விழ, உள்முகம் நின்றுகொண்டிருக்கும். இதை மாடலில் காட்டுவோர் மிகக் குறைவு, காட்டினால் அந்தச் சுவருக்கு உயிர் வந்துவிடும். உடைக்கவேண்டிய இடத்தில் ஃபோமை இரண்டு விரல் ஆழத்திற்குக் குடைந்தெடுத்து, காய்ந்த பிளாஸ்டரை நொறுக்கிய துண்டுகளையும் மங்கலான மஞ்சள் கலந்த சாந்தையும் அங்கே அடையுங்கள். சிமென்ட்டுச் சாம்பல் நிறம் கூடவே கூடாது, அந்த வீடுகள் சுண்ணாம்பிலும் மண்ணிலும் எழும்பியவை. பிளவு கற்களை வெட்டிக்கொண்டு போகாமல் சாந்து வழியே படிப்படியாக இறங்கட்டும், ஜன்னல் மூலையிலிருந்து அடுத்த ஜன்னல் மூலைக்குப் போகட்டும். சுவர் அங்கேதான் பலவீனம். ஓட்டைக்கு மேலே கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தலைகீழ் 'வி' வடிவில் நிற்கும்.

புகைப்படங்களில் எல்லாம் போய், ஓரத்துப் பக்கச் சுவர் மட்டும் புகைபோக்கியோடு உச்சிவரை நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கணப்பையும் புகைபோக்கியையும் அந்தச் சுவரோடு சேர்த்தே கட்டியிருப்பதால் அங்கே கனம் அதிகம், பெரிய திறப்புகளும் குறைவு. முன்சுவரும் பின்சுவரும் தாங்கிய உத்திரங்கள் விழுந்த பின், அவ்விரு சுவர்களிலும் எஞ்சிய துண்டுகளில் அவை செருகியிருந்த குழிகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசையின் உயரத்துக்கு மேலே, பக்கச் சுவரில், தரையில்லாத மாடியறையின் கணப்பும் கிழிந்த சுவர்த்தாளும் அந்தரத்தில் நிற்கும். உங்கள் காட்சிக்கு இந்தப் பக்கச் சுவரும் அதை ஒட்டிய முன்சுவர்த் துண்டும் போதுமென்று நினைக்கிறேன். 20 செ.மீ. உத்திரத்துக்குக் குழி 6 மி.மீ. சதுரம்.

ஜன்னல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு வீடுகளில் கண்ணாடிக் கதவு உள்பக்கம் திறக்கும், மரக் கதவு வெளிப்பக்கம். உடைந்த கண்ணாடிக்கு நுண்ணோக்கியில் வைக்கும் கவர் ஸ்லிப்பைப் பயன்படுத்துங்கள். அது கண்ணாடியேதான் என்பதால் கண்ணாடியைப் போலவே உடையும். கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு உடையுங்கள்.

கூரைக்கு நீங்கள் எழுதும் 80 ஜிஎஸ்எம் தாளே சரியான பொருள். அதன் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ., அதாவது 1/35இல் மூன்றரை மி.மீ., சிலேட்டு ஓட்டின் கனம் கிட்டத்தட்ட அதுதான். பிரான்சில் வழக்கமான ஓடு ஒன்று 32க்கு 22 செ.மீ. தாளை 9 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, 6.3 மி.மீ.க்கு ஒரு கீறல் போட்டு, ஒவ்வொரு பட்டையிலும் 3.3 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி கீழிருந்து மேலாக ஒட்டிச் செல்லுங்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 ஓடுகள் வரும் என்பதால் பொறுமை வேண்டும். ஆனால் முழுக் கூரையும் தேவையில்லை. நேரடியாக அடிபடாத வீட்டில்கூட வெடிப்பின் அதிர்ச்சியில் ஓடுகள் சரிந்து, கைமரமும் ரீப்பரும் எலும்பாகத் தெரியும்.

விழுந்ததெல்லாம் எங்கே போயிற்று என்ற கணக்கு பல டயோரமாக்களில் இடிக்கிறது. மாடிச் சுவர் முழுக்க இல்லை, தரையிலோ ஒரு கைப்பிடி கல்தான் கிடக்கிறது. 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், அரை மீட்டர் கனம் என்று சுவர் போயிருந்தால் அது 3 கன மீட்டர். 1/35இல் 70 கன செ.மீ. தளர்ந்து கிடக்கும்போது இடைவெளி சேர்ந்து 100 ஆகும். அளவுக் குவளையில் அளந்தே கொட்டுங்கள். சான் லோவில் புல்டோசர்கள் தெருவின் நடுவை வழித்துக் குவியல்களை இரு ஓரமும் ஒதுக்கின. உங்கள் ஷெர்மனுக்கும் அந்த வழிதான் வசதி, டாங்கியைக் கற்குவியலின் உச்சியில் ஏற்றிவைக்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிடலாம்.

முழு வீடு வேண்டுமா என்றால், வேண்டாம். 12க்கு 6 மீட்டர் என்ற சாதாரண வீடு 343க்கு 171 மி.மீ. இடம் கேட்கும், உங்கள் ஷெர்மன் 167 மி.மீ. நீளம்தான். வீடே கதையாகி வண்டி அதன் வாசலில் நிறுத்திய சாமான் ஆகிவிடும். பக்கச் சுவரும் அதோடு சேரும் முன்சுவரின் ஒரு ஜன்னல்வரையான துண்டும் இருக்கட்டும், மீதியை அடிப்பலகையின் ஓரத்தில் கத்தியால் அறுத்ததுபோல நேராக நிறுத்திவிடுங்கள். அங்கே இடிபாடு காட்டி மழுப்ப வேண்டாம். காட்சி இங்கே முடிகிறது என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார். சுவரை ஓரத்துக்கு இணையாக வைக்காமல் சற்றே திருப்பி வைத்தால் வண்டியின் பக்கமும் முன்புறமும் ஒருசேரத் தெரியும். கடைசியில், இடிபாட்டில் தூவிய அதே சுண்ணாம்புத் தூளில் கொஞ்சம் எடுத்து ஷெர்மனின் சங்கிலிப் பட்டையிலும் கீழ்ப்பாகத்திலும் தேயுங்கள். வண்டிக்கு வேறு ஊர்ப் புழுதி, வீட்டுக்கு வேறு புழுதி என்றிருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட் எடுத்து இரு பக்கமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் வளைந்து சுவரின் அடியில் விரிசல் விடும். பிளாஸ்டர் உள்ளே ஈரமாக இருக்கும்போது வண்ணம் பூசினால் பின்னால் வெண்மை பூத்துவிடும், தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி போன பிறகே தொடங்குங்கள். சுவர்களை மூலையில் சேர்ப்பதற்கு முன்பு உள்ளறையின் வேலையை, சுவர்த்தாள் உட்பட, முடித்துக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகு அங்கே தூரிகை நுழையாது.